‘ஜாஸ் வெயிட்டர்’ சாப்ளின் போஸ்டர்: அந்தக் காலத்து அச்சா, பிற்காலப் படியா? லினன் ஒட்டலாமா?

மடிப்புக்கோடு கேட்டது:

வணக்கம் நண்பர்களே. கைக்கு வந்திருக்கும் ஊமைப்படப் போஸ்டர் ஒன்றைப் பற்றி விவரம் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும்.

சாப்ளின் இடுப்புக்கு மேலே மட்டும் தெரிகிறார். கையில் ஒரு தட்டு, அதில் சரிந்து விழப்போகும் கண்ணாடிக் கோப்பைகள். பின்னணி முழுக்க ஒரே ஆரஞ்சு. வேறு காட்சி எதுவும் இல்லை. மேலே அவர் பெயர். கீழே சிவப்பில் ‘தி ஜாஸ் வெயிட்டர்’ என்ற தலைப்பு, அதற்கடியில் இரண்டு ரீல் படம் என்ற குறிப்பு. ஆண்டு எங்கும் இல்லை. அடி விளிம்பில் பொடி எழுத்தில் ஒரு லித்தோ (கல்லச்சு) கம்பெனியின் பெயர் இருந்திருக்கிறது. மடிப்பில் தேய்ந்துபோய் ‘லித்தோ’, ‘கிளீவ்லாந்து’ என்ற இரண்டு சொற்கள்தான் மிச்சம்.

அகலம் 27 அங்குலம், உயரம் 40¾ அங்குலம். குறுக்கே மூன்று மடிப்பு, நெடுக்கே ஒன்று, ஆக எட்டுக் கட்டம். வலது ஓரத்திலிருந்து உள்ளே 4 அங்குலத்துக்கு ஒரு கிழிசல். பின்னால் செல்லோ டேப் ஒட்டியிருக்கிறார்கள். அது பழுப்பேறி முன்பக்கமும் தெரிகிறது. தாள் பொதுவாகவே பழுப்பு, ஓரங்கள் தொட்டால் உதிர்கின்றன.

கொடுத்தவர் ‘1914-இல் வந்த அசல் கல்லச்சு’ என்கிறார். ஆனால் சாப்ளின் படப் பட்டியலில் இந்தப் பெயரைக் காணவில்லை. இது உண்மையிலேயே அந்தக் காலத்து அச்சுதானா என்று வீட்டில் வைத்தே எப்படிச் சோதிப்பது? அசல் என்றால் லினன் பேக்கிங், அதாவது பின்பக்கம் துணி ஒட்டுவது, செய்யலாமா? அந்த டேப்பை என்ன செய்வது?

கல்லும் மையும் பதில்:

முதலில் படத்தை மறந்துவிட்டு அச்சைப் பாருங்கள். இந்த விஷயத்தில் படம் ஏமாற்றும். அச்சு ஏமாற்றுவது மிகக் கடினம்.

அந்த ஆண்டுகளில் போஸ்டர் ஓவியத்தைப் புகைப்படம் எடுத்துத் தகடாக்கவில்லை. லித்தோ கம்பெனியின் ஓவியர்கள் மூலப்படத்தைப் பார்த்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக, கொழுப்பு கலந்த க்ரேயானால் கல்லிலோ சொரசொரப்பாக்கிய துத்தநாக, அலுமினியத் தகட்டிலோ கையால் வரைந்தார்கள். கன்னத்தின் நிழல், தொப்பியின் மினுமினுப்பு எல்லாம் அந்தக் க்ரேயான் சொரசொரப்பின் மேடுகளில் மட்டும் பட்டதால் வந்த பொட்டுகள். 10 மடங்கு பெரிதாக்கும் லூப் போதும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பொட்டுகள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, வரிசையில்லாமல், மணலைத் தூவியதுபோல் இருந்தால் கையால் வரைந்த லித்தோ. சம இடைவெளியில் வட்டவட்டமாக, சின்னப் பூக்கள் மாதிரி நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது நாலு வண்ண ஆஃப்செட். அதாவது யாரோ ஒரு அசலைப் புகைப்படம் எடுத்து அச்சடித்த மறுபதிப்பு.

உங்கள் போஸ்டரில் மிக நல்ல இடம் அந்த ஆரஞ்சுப் பின்னணிதான். அசலில் அது ஒரே ஆரஞ்சு மையாக இருக்கும். இல்லையென்றால் கெட்டியான மஞ்சளின் மேல் சிவப்புப் பொட்டுகள். மறுபதிப்பில் மஞ்சள்மேல் மெஜந்தாப் புள்ளிகள் அளவெடுத்து வைத்ததுபோல நிற்கும். அடுத்து, கிளீவ்லாந்து என்று இருக்கிறதே, அந்தப் பொடி எழுத்து. அசலில் ஒவ்வொரு எழுத்தும் ஒரே மையில், விளிம்பு உடையாமல் இருக்கும். மறுபதிப்பில் அதுவும் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். போலிகள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மூன்று இடங்களில் கவனம் தேவை. கை லித்தோவிலும் சில நேரம் சீரான புள்ளிகள் தெரியும். பென் டே என்ற முறையில் ஒரு நிறத்துக்கு மட்டும் இயந்திரப் புள்ளி போடுவார்கள். அதைப் பார்த்துப் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பென் டே ஒரு நிறத்தில், ஒரு குறிப்பிட்ட பரப்புக்குள் மட்டும் இருக்கும், நாலு வண்ணம் கூடிப் பூ ஆகாது. இரண்டாவது, நல்ல மறுபதிப்பில் க்ரேயான் பொட்டுகளும் சேர்ந்தே படமாகியிருக்கும். கைநீட்டுத் தூரத்தில் பார்த்தால் லித்தோ மாதிரியே தெரியும். லூப்பில் ஒவ்வொரு பொட்டும் இன்னும் சின்னப் புள்ளிகளால் ஆனது என்று தெரிந்துவிடும். மூன்றாவது, லாபி கார்டு, அதாவது திரையரங்கு முகப்பில் வைக்கும் சிறிய காட்சி அட்டை. 11×14 அங்குல அட்டைகளில் புகைப்படக் காட்சிதான் அச்சானது. அங்கே ஹாஃப்டோன் (புகைப்படத்தைச் சீரான புள்ளிகளாக உடைத்து அச்சிடும் முறை) புள்ளி இருந்தால் அது இயல்பு. இந்தச் சோதனையை ஒன்-ஷீட்டுக்கு (உங்களுடையது போன்ற பெரிய போஸ்டருக்கு) செய்வதுபோல அதற்குச் செய்யாதீர்கள்.

இங்க்ஜெட் படி என்றால் வெற்று விளிம்பைப் பாருங்கள். அசலில் இருந்த நீர்க்கறையும் பழுப்பும்கூட அச்சாகியிருக்கும். 30 மடங்கு லூப்பில் அந்தக் கறைக்குள் மெல்லிய நீல, மெஜந்தாத் தூவல் தெரியும். உண்மையான கறைக்குள் மைப்புள்ளி இருக்காது. மடிப்பும் அப்படித்தான். அசலில் மடிப்பின் மேட்டில் மை உதிர்ந்து வெள்ளை நார் வெளியே தெரியும், விரலுக்கும் தட்டுப்படும். போலியில் மடிப்புக்கோடு படமாக மட்டும் இருக்கும், தாள் வழவழவென்று இருக்கும்.

பிறகு 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். தாளை வெள்ளையாகக் காட்டும் ஒளிரூட்டிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் காகித ஆலைகளில் பரவலாயின. 1910-களின் தாள் இருட்டில் மங்கலாக, மஞ்சள் கலந்த பழுப்பாகவே நிற்கும். நீலவெண்மையாகப் பளிச்சிட்டால் சந்தேகப்பட வேண்டும். யாராவது சோப்புத்தூள் போட்டுக் கழுவியிருந்தால் அசலும் ஒளிரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஒளிரவில்லை என்பது மட்டும் அசலுக்குச் சான்றாகாது. ஒளிரூட்டி இல்லாத தாள் இன்றும் கிடைக்கிறது.

அளவு சரி. ஒன்-ஷீட் 27×41 அங்குலம். கால் அங்குலம் குறைவது ஓரம் வெட்டியதால் இருக்கலாம். 24×36 என்றிருந்தால் அலங்காரத்துக்கு விற்கும் பிற்கால அளவு. அடியில் வலப்பக்கம் ஆண்டு, சாய்கோடு, எண் என்ற வடிவத்தில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அது நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் போட்ட எண். அந்த நிறுவனம் 1920-இல் டிரெய்லர் தொழிலில் தொடங்கினாலும் போஸ்டர் விநியோகத்தைக் கையில் எடுத்தது 1940 வாக்கில்தான். ஊமைப்பட காலத்துத் தாளில் அந்த எண் இருக்க வழியே இல்லை.

‘கல்லச்சு’ என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். பெரிய போஸ்டர் அச்சகங்கள் அப்போதே உலோகத் தகட்டுக்கும் சுழல் எந்திரத்துக்கும் மாறிக்கொண்டிருந்தன. கல்லானாலும் சொரசொரப்பாக்கிய தகடானாலும் லூப்பில் ஒரே மாதிரிதான் தெரியும். கையால் வரைந்த லித்தோ என்பது மட்டும்தான் நீங்கள் உறுதிசெய்யக்கூடியது, அதுதான் முக்கியமும்.

ரீல்பெட்டி பதில்:

அச்சைப் பற்றி கல்லும் மையும் சொல்லிவிட்டார். படத்தின் பெயர் விஷயம் நான் சொல்கிறேன்.

இது 1914 ஏப்ரலில் கீஸ்டோன் படக் கம்பெனி வெளியிட்ட ‘காட் இன் எ காபரே’. மேபல் நார்மண்டும் சாப்ளினும் நடித்த இரண்டு ரீல் படம். சாப்ளின் அதில் மட்டமான ஒரு விடுதியில் வெயிட்டர், பெரிய மனிதர் என்று சொல்லிக்கொண்டு பணக்கார வீட்டு விருந்துக்குள் நுழைந்துவிடுவார். இதே படம் பின்னால் ‘தி ஜாஸ் வெயிட்டர்’ என்று பெயர் மாற்றி ஓட்டப்பட்டது. ‘டோ அண்ட் டைனமைட்’ இப்படித்தான் ‘தி டோனட் டிசைனர்’ ஆனது, ‘தி ரவுண்டர்ஸ்’ ‘ஓ, வாட் எ நைட்’ ஆனது. பட்டியலில் முதல் வெளியீட்டுப் பெயரை மட்டும் போடுவார்கள். அதனால் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஏன் பெயர் மாற்றினார்கள் என்றால் காசு. 1914-இல் கீஸ்டோனில் சாப்ளினின் வாரச் சம்பளம் 150 டாலர். அடுத்த ஆண்டு எஸ்ஸனேயில் 1,250. 1916-இல் மியூச்சுவலில் வாரம் 10,000, கூடவே 1,50,000 டாலர் போனஸ். 1917-இல் ஃபர்ஸ்ட் நேஷனலோடு எட்டுப் படத்துக்குப் பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம். புதிய சாப்ளின் படத்தை வாங்க முடியாத திரையரங்குகள் பழைய படத்தையாவது கேட்டன. கீஸ்டோன் நெகட்டிவ் உரிமையைக் கையில் வைத்திருந்தவர்கள் பழைய சரக்குக்குப் புதுப்பெயர் வைத்து, மாநிலம் மாநிலமாக உரிமை பிரித்து விற்றார்கள். டபிள்யூ.எச். புரொடக்ஷன்ஸ் 1918 வாக்கில் கீஸ்டோன் படங்களை இப்படி மறுபடி இறக்கியது.

அதனால் உங்கள் தாள் 1914-இல் அச்சானதாக இருக்க முடியாது. ‘ஜாஸ்’ என்ற சொல் விளம்பரத்துக்கு உதவும் அளவுக்கு ஊரறிந்தது 1917-இல் முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளியான பிறகுதான். லூப் சோதனையில் தேறினால் 1910-களின் கடைசி அல்லது 1920-களின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். இதைப் போலி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மறுவெளியீட்டுக்கென்றே அந்தக் காலத்தில் அச்சான அசல் போஸ்டர் இது. ஆனால் ‘முதல் வெளியீடு’ என்று எழுதி விற்றால் அது தவறு. கீஸ்டோன் ஆண்டின் முதல் வெளியீட்டுத் தாள் மிக மிக அரிது. திரையரங்குக்காரர்கள் போஸ்டரையும் விநியோகஸ்தரிடம் வாங்கிச் சுவரில் பசைபோட்டு ஒட்டினார்கள், அல்லது வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். எடுத்துவைக்கும் பொருளாக அதை யாரும் நினைக்கவில்லை.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். தலைப்பு, படத்தோடு சேர்ந்தே வரையப்பட்டதா, பிறகு தனியாக ஏற்றப்பட்டதா? அப்போது சாப்ளினுக்கு ‘ஸ்டாக்’ போஸ்டர்கள் உண்டு. உருவம் மட்டும் அச்சிட்டு, தலைப்புக்கு இடம் காலியாக விட்டிருப்பார்கள். எந்தப் படம் ஓடுகிறதோ அதன் பெயரை எழுத்து அச்சில் அடித்துக்கொள்ளலாம். அப்படி அடித்திருந்தால் எழுத்து தாளில் அழுந்தி, பின்பக்கம் லேசாகப் புடைத்துத் தெரியும்.

பொதுவாக ஊமைப்பட நகைச்சுவை நடிகர்களின் போஸ்டரில் கம்பெனி முத்திரையே பாதி தேதியைச் சொல்லிவிடும். சாப்ளின் 1914 கீஸ்டோன், 1915 எஸ்ஸனே, 1916–17 மியூச்சுவல், 1918 முதல் 1923 வரை ஃபர்ஸ்ட் நேஷனல், அதன்பின் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ். தயாரிப்பாளர் ஹால் ரோச்சின் படங்கள் 1927 வரை பாத்தே, பிறகு எம்.ஜி.எம். பஸ்டர் கீட்டனின் ‘தி ஜெனரல்’ யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், 1928-இன் ‘தி கேமராமேன்’ எம்.ஜி.எம். படத்துக்கும் முத்திரைக்கும் பொருந்தவில்லை என்றால் ஒன்று மறுவெளியீடு, இல்லை போலி. இசை, ஒலி என்று ஏதாவது எழுதியிருந்தால் பேசும்பட காலத்துக்கு வந்துவிட்டோம். மியூச்சுவல் குறும்படங்கள் 1930-களின் தொடக்கத்தில் இசை சேர்த்து மறுபடி வந்தன. மேலே சாப்ளின் பெயரே இல்லாத தொப்பி-மீசைப் போஸ்டரானால் பில்லி வெஸ்ட் போல சாப்ளினை அப்படியே நகலெடுத்து நடித்தவர்களையும் நினைவில் வையுங்கள். உங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

மடிப்புக்கோடு:

மிக்க நன்றி. இருவர் சொன்னதையும் பார்த்துவிட்டேன்.

ஆரஞ்சுப் பின்னணி, கெட்டி மஞ்சளின் மேல் ஒழுங்கில்லாத சிவப்புப் பொட்டுகள். கன்னத்திலும் அப்படியே. பொடி எழுத்து உடையவில்லை. தலைப்பின் சிவப்பு, இடப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் விலகி வெள்ளைத் தாள் மெல்லிய கோடாகத் தெரிகிறது. பின்பக்கம் புடைப்பு இல்லை. மடிப்பில் வெள்ளை நார் இருக்கிறது. எண் எதுவும் இல்லை. புற ஊதாவில் தாள் மங்கல்தான், ஆனால் கீழே இடது மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் நீலவெண்மையாக ஒளிர்கிறது. சாதாரண வெளிச்சத்தில் அங்கே வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

கல்லும் மையும்:

கை லித்தோ, சந்தேகம் வேண்டாம். தலைப்புக்கான இடத்தை மற்ற நிறங்களில் வெட்டி விட்டுவிட்டு அதில் சிவப்பைப் பொருத்தியிருக்கிறார்கள். பொருத்தம் ஒரு மில்லிமீட்டர் தவறியிருக்கிறது. ஒவ்வொரு நிறமும் தாள் மறுபடி எந்திரத்துக்குள் போய் வருவதால் இது சகஜம். இந்தப் படத்துக்கென்றே வரைந்த போஸ்டர், ஸ்டாக் இல்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிட்டது.

மூலையில் ஒளிர்வது ஒட்டுப்போட்ட இடம். பழைய மூலை போய், பிற்காலத் தாளை வைத்து ஆரஞ்சு தீட்டியிருக்கிறார்கள். விளக்கைத் தாளோடு தாளாகத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஒட்டின் விளிம்பு கோடாக எழும். லூப்பில் அந்த மூலையில் மட்டும் பொட்டுக்குப் பதில் தூரிகைத் தடம் தெரியும். பழுதுபார்த்த இடத்தைச் சொல்லி விற்பதும் வாங்குவதும் இதில் வழக்கம். குறையாக நினைக்க வேண்டாம்.

தாள்சீர் பதில்:

லினன் பற்றியும் டேப் பற்றியும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்.

அந்தத் தாள் மரக்கூழ்த் தாள். லிக்னின் (மரத்தில் இருக்கும், தாளைப் பழுப்பாக்கும் பொருள்) நீக்கப்படாதது, படிகாரமும் பிசினும் போட்டு மெருகேற்றியது. இரண்டும் சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே நாரை நறுக்குகின்றன. ஓரம் உதிர்வது அதனால்தான். மடிப்பு என்பது நார் ஏற்கெனவே முறிந்த இடம். ஒவ்வொரு தடவை மடித்துப் பிரிக்கும்போதும் அங்கேதான் கிழியும். இனிமேல் மடிக்கவே வேண்டாம்; தட்டையாக வையுங்கள்.

டேப்பை இழுக்காதீர்கள். செல்லோ டேப் 1930-இல்தான் சந்தைக்கு வந்தது, ஆகவே இது பிற்காலத்தில் யாரோ போட்டது. அதன் பசை காலப்போக்கில் தாளுக்குள் இறங்கி எண்ணெய்போல் ஊறி, பிறகு பழுப்பாக இறுகிவிடும். மேலே இருக்கும் படலம் காய்ந்திருந்தால் மெல்லிய ஸ்பேட்டுலாவை லேசாகச் சூடாக்கி அடியில் செருகினால் தானாகவே விடும். பிசுபிசுப்பு மிச்சம் இருந்தால் க்ரேப் ரப்பரால் உருட்டி எடுக்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே ஊறிய கறையை அசிட்டோன், எத்தில் அசிட்டேட் போன்ற கரைப்பானால் எடுப்பது உறிஞ்சுமேசை (அடியிலிருந்து காற்றை இழுக்கும் மேசை) வைத்திருக்கும் காகிதப் பாதுகாப்பாளர் வேலை. வீட்டில் பஞ்சால் தொட்டால் கறை விரிந்து, விளிம்பில் இன்னும் கருமையான வளையமாக உட்காரும். சில சிவப்பு மைகள் அதில் கரையவும் செய்யும்.

கிழிசலுக்குத் தற்காலிகமாக நீங்களே வைத்தியம் செய்யலாம். சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் எடையுள்ள கோசோ (மல்பெரி நார்) ஜப்பானியக் காகிதத்தை ஒரு செ.மீ. அகலப் பட்டையாகக் கிழித்துக்கொள்ளுங்கள். கத்தரிக்க வேண்டாம், கிழித்தால்தான் விளிம்பில் நார் நீண்டு பிடித்துக்கொள்ளும், முன்பக்கம் தடமும் விழாது. கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் நாலு முதல் ஐந்து பங்கு. கட்டி தட்டாமல் அரை மணி நேரம் கிளறியபடி காய்ச்சி, ஆறவிட்டு, சல்லடையில் தேய்த்து, மோர்ப் பதத்துக்கு நீர் சேருங்கள். பட்டையில் தடவி, உறிஞ்சுதாளில் ஒரு தடவை ஒற்றி ஈரத்தைக் குறைத்த பிறகே பின்பக்கம் ஒட்ட வேண்டும். மேலே பாலியஸ்டர் வலைத்துணி, உறிஞ்சுதாள், கண்ணாடித் துண்டு, அதன்மேல் கனம். பத்து நிமிடத்தில் உறிஞ்சுதாளை மாற்றி, மறுபடி கனம் வைத்து இரவு முழுக்க விடுங்கள். பசை நீர்த்துப்போனால் ஈரம் பரவி அலை விழும். கெட்டியானால் பட்டை விறைத்து, அதன் ஓரத்திலேயே புதுக் கிழிசல் தொடங்கும். டேப் இருக்கும் இடத்தின் மேலே இதை ஒட்டாதீர்கள்.

இனி லினன். பெயர்தான் லினன், போடுவது பெரும்பாலும் பருத்திக் கான்வாஸ். துணியை நனைத்து மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன்மேல் அமிலமற்ற தாள் அல்லது ஜப்பானியக் காகிதம் ஒரு படலம், அதன்மேல் போஸ்டர். எல்லாம் ஸ்டார்ச் பசையில். துணிக்கும் போஸ்டருக்கும் நடுவில் அந்தப் படலம் கட்டாயம். அது இல்லையென்றால் சில ஆண்டுகளில் துணியின் நெசவு படத்தின் முகத்தில் எழும்பி வரும். பிறகு போஸ்டரைப் பிரிக்கும்போதும் துணி நாரையும் பிடுங்கிக்கொண்டு வரும். சட்டத்தில் கட்டியபடியே பல நாள் மெதுவாகக் காய வேண்டும். அவசரப்பட்டு வெட்டி எடுத்தால் ஓரம் சுருளும்.

பெரிய ஆபத்து அதற்கு முந்தைய கழுவலில்தான். லித்தோ மை எண்ணெய் மை, தண்ணீருக்கு அசையாது. ஆனால் திரையரங்கு முத்திரை, கையால் எழுதிய தேதி, உங்கள் மூலையில் தீட்டிய ஆரஞ்சு ஆகியவை ஓடலாம். ஒவ்வொரு நிறத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு சொட்டு நீர் வைத்து, ஒரு நிமிடம் கழித்து வெள்ளை உறிஞ்சுதாளால் ஒற்றிப் பார்க்க வேண்டும். பிறகு அமிலத்தைப் போக்கக் கால்சியம் ஹைட்ராக்சைடு கலந்த நீரில் நனைப்பார்கள். இங்கே மை அறிவு தேவை. பிரஷ்யன் நீலம் காரத்தில் பழுப்பாகும். குரோம் மஞ்சள் காரம் கூடினால் ஆரஞ்சாகத் திரியும். அந்தக் காலத்து அச்சு மைகளில் இரண்டும் சாதாரணம். உங்கள் போஸ்டரில் முக்கால்வாசிப் பரப்பும் மஞ்சளின்மேல் நிற்பதால், கார அளவு எவ்வளவு, நிறத்தைச் சோதித்தீர்களா என்று வேலையைக் கொடுக்கும்முன் கேளுங்கள். ‘வெளுத்துப் புதுசாக்கித் தருகிறேன்’ என்று குளோரின் பிளீச் பேச்சை எடுத்தால் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். தாள் வெள்ளையாகும், ஆனால் நார் செத்துவிடும்.

சூட்டில் ஒட்டும் டிரை மவுண்ட், லேமினேஷன், ஃபெவிகால் வகைப் பி.வி.ஏ. பசை எதுவும் வேண்டாம். ஸ்டார்ச் பசையை நாளைக்கு நீரில் ஊறவைத்துப் பிரிக்கலாம். மற்றவை பிரியாது.

கிழக்குச்சாளரம் பதில்:

தாள்சீர் சார் சொன்ன முறையில் குறையில்லை. ஆனால் இந்தப் போஸ்டருக்கு லினன் தேவையா என்பதே கேள்வி. கிழிசல் ஒன்று, ஒட்டு ஒன்று, மடிப்புகள் பிரியவில்லை. லினன் ஒட்டினால் பின்பக்கம் நிரந்தரமாக மறைந்துவிடும். பின்பக்க முத்திரை, பழுதுபார்த்த தடம், தாளின் நிறம் எல்லாம் அடுத்து பார்ப்பவருக்குச் சான்று. போலிகள் லினனுக்குப் பின்னால் ஒளிவது இதனால்தான். கிழிசலை மட்டும் சரிசெய்து, 100 மைக்ரான் மைலார் (தெளிவான பாலியஸ்டர் படலம்) உறைக்குள் அமிலமற்ற அட்டையோடு வைத்தால் போதாதா?

தாள்சீர்:

உங்கள் வாதம் நியாயம்தான். ஓரம் மட்டும் உதிர்கிறது, மடிப்பு தாங்குகிறது என்றால் உறையே போதும். ஆனால் இரண்டு நிபந்தனை. அமிலம் போக்காத தாளை நாலு பக்கமும் மூடி அடைத்தால் தன் அமிலத்திலேயே வேகமாக வேகும். இரண்டு பக்கம் மட்டும் மூடுங்கள், உள்ளே வைக்கும் அட்டை காரத் தாங்கல் (அமிலத்தை முறிக்கும் காரச் சேர்ப்பு) உள்ளதாக இருக்கட்டும். உறை பாலியஸ்டர்தானா என்று உறுதிசெய்யுங்கள், பி.வி.சி. என்றால் மையோடு ஒட்டிக்கொள்ளும். குறுக்கு மடிப்பும் நெடுக்கு மடிப்பும் வெட்டும் மூன்று புள்ளிகளையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓட்டை விழுந்து வெளிச்சம் வந்தால் அங்கே தாளுக்குப் பலம் போய்விட்டது. அப்போதும் லினனுக்கு முன்னால் ஜப்பானியக் காகிதத்தில் மட்டும் முழுப் பின்தாங்கல் கொடுப்பதை யோசிக்கலாம். மெல்லியது, பின்பக்க எழுத்தும் மங்கலாகத் தெரியும். த்ரீ-ஷீட் போல 41×81 அங்குலத் தாள், இரண்டு மூன்று துண்டாக அச்சானது என்றால் மட்டும் துணி தவிர்க்க முடியாதது.

அலைவரிசை பதில்:

இதே லூப் சோதனை சோவியத், பிரெஞ்சுப் போஸ்டர்களுக்கும் பொருந்துமா? ஸ்டென்பெர்க் சகோதரர்கள் வரைந்த கீட்டன் போஸ்டரில் முகம் அப்படியே புகைப்படம் போல இருக்கிறதே?

கல்லும் மையும்:

பொருந்தும், அதுவும் அங்கேதான் சுவாரசியம். விளாடிமிர், கியோர்கி ஸ்டென்பெர்க் இருவரும் படச்சுருளின் ஒரு சட்டத்தைப் புரொஜெக்டரால் பெரிதாக்கிக் காட்டி, அதைக் கையால் லித்தோவுக்கு வரைந்தவர்கள். புகைப்படம் போலத் தெரிவது அவர்கள் கைத்திறன். அசலில் லூப் வைத்தால் க்ரேயான் பொட்டுதான் வரும். ஹாஃப்டோன் வந்தால் மறுபதிப்பு. அடி விளிம்பில் அச்சகத்தின் பெயர், தணிக்கை எண், எத்தனை படி அச்சானது என்ற எண்ணிக்கை ஆகியவற்றைப் போடுவது அங்கே வழக்கம். விளிம்பு வெட்டப்பட்டிருந்தால் பாதிச் சான்று போய்விட்டது. பிரெஞ்சுப் பெரிய தாள் 120×160 செ.மீ. அதில் சாப்ளினுக்கு மறுவெளியீடுகள் மிக அதிகம். லியோ கூப்பர் வரைந்தவை போருக்குப் பிந்தைய மறுவெளியீடுகளுக்கானவை. அழகானவை, ஆனால் ஊமைப்பட காலத்தவை அல்ல.

மடிப்புக்கோடு:

மூன்று புள்ளிகளில் நடுவில் மட்டும் ஊசிமுனை அளவு வெளிச்சம். லினன் வேண்டாம் என்று முடிவு. பாதுகாப்பாளரிடம் டேப்பும் நடு மடிப்பும் மட்டும் கொடுக்கிறேன். பிறகு சட்டமிட்டு மாட்டலாமா, உறையிலேயே வைப்பதா?

தாள்சீர்:

மாட்டலாம், சில மாதம் மாட்டிச் சில மாதம் இருட்டில் வைக்கும் முறையில். வெளிச்சம் 50 லக்ஸுக்குள், ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம்; அதைவிட முக்கியம் அது தினம் ஏறி இறங்காமல் இருப்பது. பின்பலகைக்குப் பசை போடாமல், ஜப்பானியக் காகிதக் கீல்களில் மேல் விளிம்பிலிருந்து மட்டும் தொங்கவிடுங்கள். தாள் ஈரத்துக்கு நீளவும் சுருங்கவும் அதற்கு இடம் வேண்டும்; நாலு பக்கமும் பிடித்துக் கட்டினால் மடிப்பில்தான் விடும். கண்ணாடி தாளைத் தொடாமல் நாலு பக்கமும் 6 மி.மீ. இடைவெளிச் சட்டம் கொடுங்கள். புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் நல்லதுதான், ஆனால் சாதாரண அக்ரிலிக்கைத் துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, மடிப்பில் தளர்ந்திருக்கும் மைத்துகளை மேலே இழுத்துக்கொள்ளும். உங்கள் போஸ்டரில் மடிப்பில் மை உதிர்வதால், நிலைமின்சாரம் ஏறாத அக்ரிலிக் அல்லது புற ஊதாப் படலம் பூசிய கண்ணாடி கேளுங்கள்.